சால்மர்ஸ் போட்டதும் மெம்ஃபிஸ் விட்டதும்

2008 அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டம் என்றாலே எல்லோரும் கன்சாஸ் அணியின் மரியோ சால்மர்ஸ் தூரத்திலிருந்து போட்ட அந்த மூன்று புள்ளிக் கூடையைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், போன வாரம் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் முழு ஆட்டத்தையும் யூடியூபில் உட்கார்ந்து பார்க்கிறவரை.

சான் அன்டோனியோவில் ஏப்ரல் 7, கன்சாஸும் மெம்ஃபிஸும். இரண்டு நிமிடச் சொச்சம் பாக்கி இருக்கும்போது மெம்ஃபிஸ் 60-51 என்று முன்னால் நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு கன்சாஸ் ரசிகர் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருந்தால் தப்பு சொல்ல முடியாது. அப்புறம் கன்சாஸின் ஷெரான் காலின்ஸ் பந்தைப் பறித்து ஒரு மூன்று புள்ளி போட்டார், கன்சாஸ் வேண்டுமென்றே ஃபவுல் செய்ய ஆரம்பித்தது. பின்தங்கிய அணிக்கு வேறு வழி கிடையாது, கடிகாரம் நிற்கும், எதிராளிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும், அதாவது கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறிகிற, ஒரு புள்ளிக்கான வாய்ப்பு; அதைக் கோட்டைவிட்டால் பிழைக்கலாம்.

மெம்ஃபிஸ் கோட்டைவிட்டது. கடைசி 75 விநாடிகளில் ஐந்து எறிந்து நான்கு போச்சு. அதில் மூன்று மெம்ஃபிஸின் கிறிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸ் விட்டவை, அன்றைக்கு 22 புள்ளி எடுத்தவரே அவர்தான்! நாலாவதை விட்டது அதே அணியின் டெரிக் ரோஸ். சீசன் முழுக்க அந்த அணிக்கு ஃப்ரீ த்ரோ சொதப்பல்தான், பயிற்சியாளர் கலிபாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பள்ளியில் எங்கள் பி.டி. சார் நாங்கள் ஓடிக் களைத்தபிறகுதான் ஃப்ரீ த்ரோ போடச் சொல்வார், அப்போது மனசுக்குள் திட்டாத நாள் இல்லை, இப்போதுதான் புரிகிறது.

நான்கில் ஒன்று விழுந்திருந்தால் வித்தியாசம் நாலு புள்ளி, சால்மர்ஸ் எறிந்தும் பிரயோஜனம் இல்லை. விழவில்லை, 63-60. காலின்ஸ் தடுமாறி விழப்போய் பந்தைச் சால்மர்ஸிடம் கொடுக்கிறார், ரோஸ் கையை நீட்டியும் எட்டவில்லை, 2.1 விநாடி பாக்கியில் 63-63. மூன்று புள்ளி எறியவிடாமல் முதலிலேயே காலின்ஸை மெம்ஃபிஸ் ஃபவுல் செய்திருக்கலாமே, இரண்டு ஃப்ரீ த்ரோவோடு போயிருக்குமே என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ரோஸ் இடிக்கப் பார்த்தார், விசில் வரவில்லை.

கூடுதல் நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மெம்ஃபிஸின் ஜோயி டோர்சி ஏற்கெனவே ஐந்து ஃபவுலோடு வெளியே (ஐந்து ஆனால் ஆட முடியாது), கன்சாஸ் 12-5 என்று அடித்து 75-68 இல் முடித்தது. பிறகு ரோஸின் கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் செல்லாது என்றான விவகாரத்தில் மெம்ஃபிஸின் அந்த சீசன் வெற்றிகள் எல்லாம் ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டன.

முழு ஆட்டம் பார்க்க நேரமில்லையா, சரி, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் பாருங்கள். சால்மர்ஸை விடுங்கள், கோட்டில் நிற்கிற டக்ளஸ்-ராபர்ட்ஸைப் பாருங்கள்.