எஸ்ஜிபிடி கூடினால் கல்லீரல்தான் என்று அலையவிட்டார்கள்

பையனுக்கு கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் 300-ஐத் தாண்டியதும் கல்லீரல் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். காமாலை டெஸ்ட், வயிற்று ஸ்கேன் என்று காசு கரைந்ததுதான் மிச்சம். காமாலையைக் காட்டும் பிலிருபின் நார்மல், ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் நார்மல். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கூடிப்போன அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு. ஜிஜிடி தசையில் கிட்டத்தட்ட கிடையாது. கெண்டைக்கால் தடித்து, மாடிப்படி ஏறத் திணறும் பையனுக்குத் தசை நோயா என்று முதலில் பார்க்க வேண்டியது சிபிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நொதி).

அதை எழுதி வாங்கினால், லேப் கவுண்டரில் ‘சிபிகே எம்பி’ என்று பில் போட்டுவிட்டார்கள். அது சிபிகேயில் ஒரு வகை மட்டும், மாரடைப்புக்குப் பார்ப்பது. தசை நோயிலும் கூடும், ஏனென்றால் சிதைந்து மறுபடி வளரும் தசை இழைகளில் எம்பி வகை நிறைய. ரிப்போர்ட்டைப் பார்த்து வீடே பதறியது. பணம் கட்டும் முன் பில்லில் ‘சிபிகே டோட்டல்’ என்று இருக்கிறதா பாருங்கள். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் டெஸ்டிலும் இதே வம்பு: டி வகை தசை நோயாலேயே கூடலாம். இதயத்துக்கு ஐ வகையைக் கேளுங்கள்.

அடுத்த ரிப்போர்ட் ‘2000-க்கு மேல்’ என்று மொட்டையாக வந்தது. மெஷினின் எல்லை அவ்வளவுதான். சாம்பிளை டைல்யூட் பண்ணி ஓட்டினால் சரியான எண் கிடைக்கும். கேட்காமல் செய்ய மாட்டார்கள். நார்மல் சுமார் 200 வரை. டுஷேன் என்ற பரம்பரைத் தசைச் சிதைவு நோயில் 10,000, 20,000 சாதாரணம். சில நூறுகள் மட்டும் கூடியிருந்தால் ஓடியாடி விளையாடியதாலும் இருக்கலாம், ஓய்வுக்குப்பின் திரும்பப் பாருங்கள். தசையில் ஊசி போட்டாலும், ஈஎம்ஜி (தசையில் ஊசி குத்தி மின் ஓட்டம் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தாலும் ஏறும். அதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

மரபணு டெஸ்டுக்கு ஊதா மூடி ட்யூபில் தனியாக எடுப்பார்கள். மரபணுவில் துண்டு விடுபட்டதா, இரட்டித்ததா என்று பார்க்கும் எம்எல்பிஏ டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் மிச்சம் இருக்கிறது. அம்மாவின் சிபிகே நார்மல் என்பதை வைத்தும் அவர் கேரியர் (நோய் மரபணுவைச் சுமப்பவர்) இல்லை என்று சொல்ல முடியாது.

வருடங்கள் போக சிபிகே தானாக இறங்கும். கசிய மிச்சமிருக்கும் தசை குறைவதால் வரும் இறக்கம் அது; அதைக் காட்டி லேகியம் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். கிட்னிக்குப் பார்க்கும் கிரியேட்டினினும் இதே காரணத்தால் குறைவாகவே காட்டும். கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தசை அளவைச் சாராத சிஸ்டாட்டின் சி டெஸ்டை எழுதச் சொல்லுங்கள்.