கோர்வைக் கரை: விரலால் தடவிப் பாருங்கள்

காஞ்சிப் பட்டில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, உடலும் கரையும் சேரும் அந்த விளிம்புதான். உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து இணைக்கும் கோர்வை முறையில் மூன்று நாடா (குறுக்கு இழையைச் சுமந்து ஓடும் தறிக்கருவி) ஓடும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஊடையிலும், அதாவது குறுக்கு இழையிலும், உடல் இழையும் கரை இழையும் கொக்கி போல் பின்னிக்கொள்ளும். அதனால்தான் தறியில் இன்னொரு ஆள் துணைக்கு உட்காருவார். பிடி தளர்ந்தால் இணைப்பில் இடைவெளி விழும். இறுகினால் கரை சுருங்கும்.

வாங்கும்போது கரையின் நிறத்தைப் பாருங்கள். ஒரே நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடிய சேலையில் உடலின் ஊடை நிறம் கரையிலும் கலந்து தெரியும். கோர்வையில் அரக்கு அரக்காகவே நிற்கும். எவ்வளவு அழகு அது! முந்தானை வேறு நிறமென்றால், பாவு எனும் நெடுக்கு இழைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கோத்த 'பேட்னி' இணைப்பு விரலுக்குச் சற்றே தடித்துத் தட்டுப்படும்.