கரிசல் மண்ணில் கார் பாதை: பேவர் பிளாக்குக்குக் கீழே நடக்கும் வேலை

கோவில்பட்டியை ஒட்டிய வீட்டு மனை. கேட்டிலிருந்து போர்டிகோ வரை 30 அடி நீளம், 10 அடி அகலம். மேலே வரப்போவது 60 மி.மீ. இன்டர்லாக் பேவர் பிளாக். ஒரு கார் தினமும் போகும், தண்ணீர் லாரி எப்போதாவது வரும். இந்தக் குறிப்பு முழுக்க பிளாக்குக்குக் கீழே உள்ளதைப் பற்றியது. நிறம், டிசைன் பற்றிக் கேட்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

கரிசல் ஊர்களில் கெட்டுப்போன பாதைகளைப் பார்த்தால் பிளாக் உடைந்திருப்பது அபூர்வம். ஓரம் தூக்கியிருக்கும், டயர் தடம் இறங்கியிருக்கும், பைப் புதைத்த இடம் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி பதிந்திருக்கும். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் களிமண் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதுகிறது. சித்திரை வெயிலில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. பிளாக் மூடிய நடுப்பகுதியில் ஈரம் வருஷம் முழுக்க அதிகம் மாறுவதில்லை. ஓரத்தில்தான் ஏறி இறங்குகிறது. ஓரம் முதலில் கெடுவது அதனால்தான்.

மண்ணைப் பார்த்தல்

எவ்வளவு ஊதும் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். காயவைத்துப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவு ஜாடிகளில் போட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். கலக்கிக் காற்றுக் குமிழியை வெளியேற்றி 24 மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. அதனால் அதுதான் ஒப்பீட்டு அளவு. இந்த மனையின் மண் நீரில் 21 மி.லி., மண்ணெண்ணெயில் 11 மி.லி. நின்றது. வித்தியாசம் 10, அதை 11-ஆல் வகுத்தால் 91 சதவீதம். 50-க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு. 100-ஐத் தாண்டினால் ஆழத்தைக் கூட்டத்தான் வேண்டும். 91 என்பது அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிற மண்.

கூடவே ஒரு மூலையில் 3 அடி ஆழத்துக்குச் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பது நல்லது. இந்தப் பக்கத்தில் பல மனைகளில் இரண்டடி, மூன்றடிக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டிப் படிவம்) தட்டுப்படும். அப்படிக் கிடைத்தால் கரிசலை முழுசாக அள்ளிவிட்டு சுக்கான் மேலேயே கிராவல் (சரளை மண்) நிரப்பிவிடலாம். கீழே வரும் சுண்ணாம்பு வேலையே தேவைப்படாது. இங்கே 3 அடியிலும் கருப்பு மண்தான்.

எப்போது தோண்டுவது

தை மாதம். மழை ஈரம் பாதி வடிந்து, மண் இன்னும் வெடிக்காத நேரம். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் மண் மேல் போட்டால் முதல் மழையிலேயே ஓரம் எழும்பும். கார்த்திகைச் சேற்றில் போட்டால் கோடையில் இறங்கும். வேறு வழியில்லாமல் கோடையில் செய்தால், தோண்டிய தளத்தில் சில நாட்கள் லேசாகத் தண்ணீர் தெளித்து வெடிப்பு மூடிய பிறகே திமுசு போட்டு (இடிகட்டையால் இடித்து) இறுக்க வேண்டும்.

ஆழமும் கணக்கும்

ஆழத்தை இப்போதிருக்கும் தரையிலிருந்து அளக்கக் கூடாது. முடிவு மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) முடிவு மட்டத்தை முளைக்கம்புகளில் குறித்து, நூல் கட்டிவிட்டுத்தான் முதல் மண்வெட்டி. பிளாக் 60 மி.மீ., மணல் 30 மி.மீ., வெட்மிக்ஸ் (ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் ஈரமாகக் கலந்தது) 6 அங்குலம், கிராவல் 8 அங்குலம்: மொத்தம் ஏறக்குறைய பதினேழரை அங்குலம். அகலத்தில் இரு பக்கமும் அரை அடி கூடுதலாக வெட்ட வேண்டும், ஓரத்தைப் பிடிக்கும் கர்ப் கல்லும் அதன் முட்டுக் கான்கிரீட்டும் உட்கார. அதாவது 11 அடி அகலம், 30 அடி நீளம். இடத்தில் 480 கன அடி. தோண்டினால் உப்பி 620-க்கு மேல் போகும். ஒரு யூனிட் 100 கன அடி என்று வைத்தால் ஆறு யூனிட்டுக்கு மேல் மண் வெளியே போக வேண்டும். இதை முன்கூட்டியே பேசாவிட்டால் அள்ளிய கரிசல் மதில் ஓரமாகக் குவிந்து, கடைசியில் அதே பள்ளத்துக்குள் 'நிரப்பு மண்' என்ற பெயரில் திரும்பி வரும்.

சரிவு இங்கேயே தொடங்குகிறது. அடிக்குக் கால் அங்குலம், 10 அடிக்கு இரண்டரை அங்குலம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. அடித்தளத்துக்கும் அதே சரிவு கொடுக்க வேண்டும். அடியில் தட்டையாக விட்டு மேல் மணலில் சரிவு காட்டினால் ஒரு பக்கம் மணல் மூன்று அங்குலம் தடித்துவிடும். டயர் பதிவது அங்கேதான்.

சுண்ணாம்பு

தோண்டி முடித்த தளத்தின் மேல் 6 அங்குலத்தை அள்ளாமல், ஊதுவது குறையும்படி அங்கேயே சுண்ணாம்பு கலந்து பக்குவப்படுத்தியது. அளவு எடையில் 4 சதவீதம். காய்ந்த கரிசல் கன அடிக்கு ஏறக்குறைய 43 கிலோ. 165 கன அடிக்கு 7,100 கிலோ. அதில் 4 சதவீதம் 284 கிலோ. 25 கிலோ மூட்டை 12. தளத்தை ஐந்தரை அடிக்கு ஐந்தடி என்று 12 கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு மூட்டை கொட்டிப் பரப்பினால் கணக்கு தவறாது. நீற்றிய சுண்ணாம்புப் பொடிதான் வாங்க வேண்டும், சுட்ட கல் வேண்டாம். காற்றில்லாத காலை நேரம், கண்ணாடி, கையுறை, முகத்துணி மூன்றும் கட்டாயம். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

கலக்குவதற்கு டிராக்டர் ரோட்டவேட்டரை மிஞ்சிய கருவி இல்லை. கரிசல் காட்டு ஊரில் அது வாடகைக்குக் கிடைக்காத இடமும் இல்லை. கேட் பக்கம் சரிவாக மண் விட்டு இறக்கினால் போதும். கட்டிகள் ஓர் அங்குலத்துக்குள் உடைய வேண்டும். முதல் ஓட்டம் காய்ந்தபடி, அடுத்தது தண்ணீர் தெளித்து. பிறகு தார்ப்பாய் போட்டு ஒரு நாள் ஊறவிட்டு, திரும்ப ஓட்டி, அதற்கப்புறம் கெட்டிப்படுத்த வேண்டும். ஊறின மண் கையில் ஒட்டாமல் குருணை குருணையாகப் பிரியும். சுண்ணாம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிளேட் காம்பாக்டர் இந்த அடுக்குக்கு உதவாது. களிமண்ணுக்கு மேலும் கீழும் குதித்து இடிக்கும் ராம்மர் வேண்டும், அல்லது பேபி ரோலர். பின்பு 7 நாள் ஈரச்சாக்கு.

ஓர் எச்சரிக்கை. தோண்டும்போது பளபளவென்று கண்ணாடிச் சில்லு போன்ற ஜிப்சம் படிகங்கள் கண்ணில் பட்டால் சுண்ணாம்பைத் தொடக் கூடாது. சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் ஈரத்தில் சேர்ந்து புதிதாக ஊதும் பொருளை உண்டாக்கும், மருந்தே நோயாகிவிடும். கட்டட வேலையில் மிஞ்சிய பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) துண்டுகள் மண்ணில் கலந்திருந்தாலும் இதே கதைதான். அங்கே சுண்ணாம்பை விட்டு, கிராவலை ஓர் அடிக்கு மேல் உயர்த்துவதே சரி.

பைப், தொட்டி, கேபிள்

பாதையைக் கடக்கும் எல்லாக் குழாயும் இந்தக் கட்டத்தில் போட்டு முடிந்திருக்க வேண்டும். கூடவே காலியாக ஒரு 4 அங்குல பி.வி.சி. குழாய், இரு முனையும் மூடி. நாளைக்கு கேட் மோட்டாரோ கேமராவோ வந்தால் தரையை உடைக்க வேண்டாம். பைப் பள்ளத்தைத் தோண்டிய கரிசலைப் போட்டு மூடக் கூடாது. கிராவலை அரை அடி அரை அடியாகப் போட்டு இடிக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கட்டினால் தானாக செட் ஆகிவிடும் என்று மேஸ்திரி சொல்வார். ஆற்று மணலுக்கு அது ஓரளவு பொருந்தும். கரிசலுக்கு அது ஊதச்சொல்லிக் கொடுக்கும் அழைப்பு.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து வீட்டுக்கு வீடு உறிஞ்சு குழி இருக்கிறது. அது பாதை ஓரத்தை ஒட்டி இருந்தால் மழைக்காலம் முழுக்க ஒரு பக்கக் கரிசலுக்கு மட்டும் தண்ணீர் ஊட்டும். இங்கே அதன் வரத்துக் குழாயை மனையின் மறு கோடிக்குத் திருப்பியாயிற்று. பாதையை ஒட்டிய பூச்செடிப் பாத்திக்கும் இதே தடை. நிலத்தடித் தொட்டி பாதைக்குள் வந்தால் அதன் மூடி தளம் காருக்குக் கணக்கிட்டதா என்று பொறியாளரிடம் கேட்காமல் ஒரு சக்கரமும் ஏற்றக் கூடாது; அதன் மேல் காம்பாக்டரும் ஓட்டக் கூடாது.

துணி, கிராவல், வெட்மிக்ஸ்

பக்குவப்பட்ட தளத்தின் மேல் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி, பக்கச் சுவர்களில் ஏறும்படி, இணைப்பில் ஓர் அடி மேலேறி. களி மேலே ஏறாமலும் கல் கீழே புதையாமலும் இது தடுக்கிறது. செலவில் சின்னது, பலர் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

கிராவல் என்று வருவதெல்லாம் கிராவல் இல்லை. ஒரு பாட்டிலில் பாதி கிராவல், மீதி தண்ணீர், குலுக்கி மறுநாள் பார்த்தால் மேலே நிற்கும் வழுவழுப்பான சேறு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்பலாம். கெட்டியான 8 அங்குலத்துக்கு 3 யூனிட். இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றும் தளர்வாக 5 அங்குலம் பரப்பினால் இடித்த பிறகு 4 நிற்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே ஓட்டினால் மேல் தோல் மட்டும் இறுகும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடியானால் தண்ணீர் போதாது. சப்பென்று ஒட்டினால் அதிகம்.

கிராவல் முடிந்ததும் லோடு ஏற்றிய டிராக்டரை மெதுவாக ஓட்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்ப்பது நல்ல சோதனை. சக்கரம் நகர்ந்ததும் தரை திரும்ப எழும்பினால் அடியில் ஈரம் சிக்கியிருக்கிறது. இங்கே கேட்டுக்குப் பக்கத்தில் ஓரிடம் அப்படி அசைந்தது. இன்னும் கிராவல் கொட்டி அதை மறைக்க முடியாது. அந்த இடத்தை மட்டும் அடி வரை தோண்டி, காயவிட்டு, மாற்றி நிரப்ப வேண்டும்.

வெட்மிக்ஸ் பிளான்டில் இரண்டு யூனிட் ஆர்டர் எடுப்பதில்லை. கலவையை இங்கேயே போடலாம்: 20 சட்டிக்கு 40 மி.மீ. ஜல்லி 6, 20 மி.மீ. 4, 12 மி.மீ. 3, கிரஷர் டஸ்ட் 7. வெறும் 40 ஜல்லியைப் பரப்பி மேலே டஸ்ட் தூவினால் இடைவெளி நிறையாது. பிறகு மணல் அதற்குள் இறங்கி பிளாக் ஆடும். இதுவும் இரண்டு அடுக்கு. 100 கிலோ அளவுள்ள பிளேட் காம்பாக்டரை ஓரத்திலிருந்து நடுவுக்கு, பாதிக்குப் பாதி மேலேறி ஓட்ட வேண்டும். முடிந்த தளத்தில் 10 அடி மட்டப் பலகை வைத்தால் அடியில் 10 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது. தெரிந்தால் வெட்மிக்ஸாலேயே சரிசெய்ய வேண்டும், மணலால் அல்ல.

கர்ப், மணல்

கர்ப் கல் 1:2:4 கான்கிரீட்டில், பின்பக்கம் கல்லின் பாதி உயரத்துக்கு முட்டு. அது இறுகும் முன் மணல் பரப்பினால் காம்பாக்டர் அதிர்வில் கல் வெளியே சாயும்.

படுக்கைக்குக் கான்கிரீட் போடுகிற எம்-சாண்ட், 40 கன அடி; இணைப்புக்கும் சேர்த்தே இந்தக் கணக்கு. பூச்சு வேலை பி-சாண்டும் கிரஷர் டஸ்ட்டும் வேண்டாம். இரண்டிலும் மாவு அதிகம். தண்ணீரைப் பிடித்து வைத்து, டயர் ஏறும்போது இணைப்பு வழியே சேறாகக் கக்கும். இரண்டு குழாய்களைத் தண்டவாளமாக வைத்து மட்டப் பலகையால் இழுத்தால் 30 மி.மீ. சீராக வரும். இழுத்த மணலில் யாரும் நடக்கக் கூடாது, திமுசும் போடக் கூடாது. அது பிளாக்கோடு சேர்ந்துதான் இறுக வேண்டும். பிளாக் வாங்கும்போது ஐ.எஸ். 15658 படி எம்-35 தரமா என்று கேட்பதோடு இந்தப் பக்கத்து வேலை முடிகிறது.

இப்போதைய நிலை: வெட்மிக்ஸ் முடிந்து, கர்ப் கான்கிரீட் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. மணல் லோடு வந்து தார்ப்பாய்க்குள் இருக்கிறது. அடுத்து பிளாக் பதிப்பு. ஐப்பசி முதல் மழைக்கு முன் இணைப்புகளில் ஒருமுறை மணல் தள்ளி, நான்கு மூலை மட்டத்தையும் டியூப் லெவலில் குறித்து வைத்து, தை மாதம் திரும்ப அளக்க வேண்டும்.