ஏற்காட்டு மழைக்கு எது தாங்கும்

செப்டம்பர் 20

தம்பி காலையிலேயே ஒரு நீளமான பட்டியல் அனுப்பிவிட்டான். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் காபித் தோட்டத்தில் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று பேச்சு. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்கக் கூடாது. தோட்டம் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பட்டியலில் சோலார் பவர் பேங்க், காற்றடிக்கும் மெத்தை, தூக்கிப் போட்டால் தானாக விரியும் டென்ட், சார்ஜ் ஃபேன், சரவிளக்கு, மடக்கு நாற்காலி, எட்டு வேலை செய்யும் கத்தி. "அக்கா, எல்லாம் ஆஃபர்ல இருக்கு. எதெது வேணும்னு ராத்திரிக்குள்ள சொல்லு."

எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன். ராத்திரி மழை பிடித்து விடிய விடியப் பெய்தால் இந்தச் சாமான் நமக்கு என்ன செய்யும்? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்த மாதங்களில் அப்படித்தான் பெய்யும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் ஏழெட்டு டிகிரி போய்விடுகிறது. நனைந்த உடம்போடு அந்தக் குளிரில் ஒரு ராத்திரி என்பது சின்ன விஷயம் இல்லை, அதுவும் கூடக் குழந்தை வரும்போது.

ஃபேன் வேண்டாம், சரவிளக்கு வேண்டாம். நாற்காலி மட்டும் ஒன்று வாங்கச் சொன்னேன். அம்மாவால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது.

செப்டம்பர் 21

சோலார் பவர் பேங்கை விட மனசில்லாமல் தம்பி போன் செய்தான். கணக்குப் போட்டுக் காட்டினேன். பவர் பேங்கின் கொள்ளளவு 10,000 எம்.ஏ.எச். என்றால் 3.7 வோல்ட்டில் 37 வாட் அவர், அதாவது 1 வாட் வீதம் 37 மணி நேரம் வரும் மின்சாரம். முதுகில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகலப் பேனல் உச்சி வெயிலில் 1 வாட் கொடுக்கும், மிஞ்சினால் ஒன்றரை. முழுசாக ஏற முப்பது மணி நேரம் நேர் வெயில் வேண்டும். தோட்டத்தில் காபிச் செடிக்கு நிழல் தருவதற்கென்றே சில்வர் ஓக் மரம் வளர்த்திருக்கிறார்கள். அதன் கீழே வெயிலுக்கு எங்கே போவது?

சாதா பவர் பேங்கை வீட்டிலேயே சார்ஜ் ஏற்றி எடுத்துப் போவோம். மாற்று இழப்பு போக, 5,000 எம்.ஏ.எச். போனை ஒரு தடவை முழுசாகவும் அப்புறம் பாதியும் ஏற்றும். ஃப்ளைட் மோடில் போட்டுவைத்தால் போனே இரண்டு நாள் தாங்கும்.

செப்டம்பர் 27

டென்ட்தான் எல்லாவற்றிலும் யோசித்து வாங்க வேண்டியது. தானாக விரியும் டென்ட்டில் பெரும்பாலும் ஒரே அடுக்குத் துணி. ஆள் படுத்து மூச்சுவிட்டால் அந்த ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு முத்துமுத்தாக நிற்கும். விடியற்காலையில் கை பட்டாலே முகத்தில் சொட்டும். உள்ளே வலை, மேலே தனியாக மழைவிரிப்பு என்று இரண்டு அடுக்கு இருந்தால், நடுவில் காற்று ஓடி அந்த ஈரத்தைக் கொண்டுபோய்விடும். அந்த மாதிரி ஒன்றை வாங்கிவிட்டோம். மேல்விரிப்பு 2,000 மில்லிமீட்டர், தரை 3,000. அத்தனை உயரத் தண்ணீர் மேலே நின்றாலும் துணி கசியாது என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஆனால் துணி தாங்கினாலும் தையல் ஓட்டை தாங்காது. அதனால் தையல் முழுக்க உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துதான் வாங்கினேன்.

சாயங்காலம் மொட்டைமாடியில் டென்ட்டை நிறுத்தி, ஓஸ் பைப்பில் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தோம். தம்பி மகள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "அத்தை, இங்க ஒரு சொட்டு!" என்று மூலையைக் காட்டினாள். ஜிப் முடியும் இடத்தில் மேல்விரிப்பு இழுபடாமல் உள்வலையில் ஒட்டிக்கிடந்தது. கயிற்றை இறுக்கியதும் நின்றுவிட்டது. புதுசாக எந்த டென்ட் வாங்கினாலும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

அக்டோபர் 3

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குப் போய் ஒரு தார்ப்பாயும் கயிறும் வாங்கி வந்தேன். "கேம்பிங் டார்ப்" என்று பெயர் போட்டு விற்பது எடை குறைவுதான், அழகும்தான். முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு அது சரி. வண்டி டென்ட் வரைக்கும் போகிற இடத்துக்குக் கடைத் தார்ப்பாய் போதும்.

அக்டோபர் 11, ராத்திரி

மழை. டென்ட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் வந்ததும் இடம் பார்த்தோம். சில்வர் ஓக்கின் காய்ந்த கிளை எப்போது வேண்டுமானாலும் விழும் என்பதால் மரத்தடியை விட்டுவிட்டு, காபி காயப்போடும் களத்துக்குப் பக்கத்தில் மேடான மண்ணில் முளை அடித்தோம். டென்ட்டோடு வந்த அலுமினிய முளை இந்தச் செம்மண்ணில் மழைக்கு இளகிவிடும் போலிருந்தது. காவல்காரர் அண்ணன் இரும்பு முளை நாலு கொடுத்தார். தார்ப்பாயைத் தட்டையாக எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் கட்டப் போன தம்பியைத் தடுத்து, "ஒரு பக்கம் இறக்கிக் கட்டுங்க தம்பி, இல்லாட்டி நடுவுல தண்ணி தேங்கிக்கும்" என்றார். இப்போது அந்தச் சரிவில் தண்ணீர் ஒரே ஓரமாகக் கொட்டுகிறது. டென்ட் வாசல் காய்ந்து கிடக்கிறது. செருப்பு, அடுப்பு, தூக்குப்போசி எல்லாம் தார்ப்பாயின் கீழேதான். மழை ராத்திரியில் சமைக்கவும் உட்காரவும் ஓர் இடம் கிடைத்தது இதனால்தான்.

டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் ஷீட் தரையைவிட நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து நேராக நம் முதுகுக்கு அடியில் கொண்டுவந்துவிடும். ஓரத்தை மடக்கிச் செருகினேன்.

இருட்டில் மிகவும் உதவியது நெற்றியில் கட்டும் டார்ச். இரண்டு கையும் சும்மா இருக்கிறது. கயிறு இறுக்கலாம், சோறு கிளறலாம். வெளிச்சத்தை லூமன் கணக்கில் சொல்வார்கள், 200 லூமன் தாராளம். ஆயிரக்கணக்கில் லூமன் சொல்லும் டார்ச்சுகள் சீக்கிரம் சூடேறி வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிவப்பு வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தூங்குகிறவர் கண்ணில் அடிக்காது. இந்தத் தோட்டங்களுக்குள் காட்டெருமை வந்து போகும். வெளியே கால் வைப்பதற்கு முன்னால் நாலா பக்கமும் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லிக் குழந்தைக்கும் பழக்கிவிட்டேன்.

அக்டோபர் 12

விடிந்தது. ஒருவரும் நனையவில்லை.

நவம்பர் 15

அடுப்பைப் பற்றி எழுதவில்லையே. உள்ளங்கையில் அடங்கும் காஸ் அடுப்பு வாங்கத் தகுந்தது. ஈர விறகோடு மல்லுக்கட்ட வேண்டாம், தோட்டத்தில் தீ பற்றும் பயமும் குறைவு. திருகு வாய் காஸ் டப்பாவுக்கும் நீள காஸ் டப்பாவுக்கும் பொருத்தும் வாய் வேறு வேறு. சேலத்தில் எந்த டப்பா சுலபமாகக் கிடைக்கிறதோ அதற்குத் தக்க அடுப்பை வாங்குங்கள். காற்றுக்குத் தடுப்பு வைக்கலாம், ஆனால் டப்பாவைச் சுற்றி மூடிவிடக் கூடாது. சூடு டப்பாவில் ஏறினால் ஆபத்து.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு குளிரானாலும் எவ்வளவு மழையானாலும் டென்ட்டுக்குள் காஸ் அடுப்போ கரி அடுப்போ எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

தண்ணீர் வடிகட்டும் குழாய் வேண்டுமா என்று தம்பி கேட்டான். 0.1 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். இருந்தாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாவும் வைரஸும் செத்துவிடும். அடுப்பும் போசியும் இருக்கும்போது குழாய்க்கு ஏன் காசு?

ஜனவரி 10

குளிருக்காகவே இந்தத் தடவை வந்தோம். காபி பறிப்பு முடியும் தறுவாய், களம் முழுக்கக் காய் காய்கிறது.

பட்டியலில் தம்பி மறுபடி சேர்த்த காற்று மெத்தையும் வந்திருக்கிறது. அவன் அதில் படுத்தான், நானும் பாப்பாவும் சாதா நுரைப் பாயில் படுத்தோம். இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "அக்கா, முதுகு ஐஸா இருக்குக்கா" என்றான். காற்று மெத்தைக்குள் காற்று சுற்றிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். ஸ்லீப்பிங் பேக்கும் அடிப்பக்கம் உதவாது, நம் எடைக்கு அதிலுள்ள பஞ்சு நசுங்கிவிடுகிறது. நுரைப் பாயில் காற்று சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு நகராமல் இருப்பதால் அது காக்கிறது. என் பாயை அவன் பக்கம் பாதி தள்ளி, மெத்தைக்கு மேலே கம்பளியை மடித்துப் போட்டதும்தான் தூங்கினான்.

ஸ்லீப்பிங் பேக் பையில் பெரிதாகப் போட்டிருக்கும் டிகிரியை நம்பாதீர்கள். சின்ன எழுத்தில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று இருக்கும். பெரிய எண் பல நேரம் கடைசி இரண்டில் ஒன்று. நமக்கு வேண்டியது கம்ஃபர்ட், குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய டிகிரி. ஏற்காட்டுக்கு 10 டிகிரி கம்ஃபர்ட் போதும். வீட்டுக் கம்பளி இரண்டு இருந்தால் அதுவும் வேண்டாம், நுரைப் பாய் மட்டும் வாங்குங்கள்.

ஜனவரி 12

மாடியில் டென்ட் காய்கிறது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். மேல்விரிப்பின் ஒரு தையலில் டேப் கிளம்புகிறது, அதை ஒட்டும் பசைக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் மறுபடி ஓஸ் பைப்.