நல்லதண்ணியிலிருந்து ஏறும்போது எதைக் குடிப்பது?

சென்ற பருவகாலத்தில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறியபோது மூன்று லீற்றர் வெறும் தண்ணீரைச் சுமந்து சென்று, தாகம் எடுக்காதபோதும் விடாமல் குடித்தேன். நள்ளிரவுக் குளிரில் நடுங்கியபடி அடிக்கடி ஒதுங்க இடம் தேடியதுதான் மிச்சம். குளிரும் சிறுநீரைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் அது மட்டும் காரணமன்று.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கும்போது குருதியின் உப்புச்செறிவு குறைகிறது. அதை உணர்ந்த மூளை நீரைத் தக்கவைக்கும் ஹோர்மோனைக் குறைக்க, சிறுநீரகம் நீரை வெளியேற்றிவிடுகிறது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்திருந்தால், சிறுகுடற் சுவரில் இரண்டும் ஒரே வாயிலால் உள்ளே செல்ல, நீரும் அவற்றைத் தொடர்கிறது. வயிற்றோட்டத்தின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோசுத் தூளான ஜீவனிப் பொதி வேலை செய்வது இவ்வாறுதான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் லீற்றருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள்ளன. வயிற்றோட்டத்துக்கென உருவான அதில் நீண்ட ஏற்றத்துக்கு வேண்டிய சக்தி போதாது என்பதால், கூடவே ஏதாவது சாப்பிட வேண்டும்.

நூறு மில்லிலீற்றருக்குப் பத்து கிராம் சீனி கொண்ட சோடா வயிற்றிலிருந்து இறங்கவே தாமதிக்கும். இளநீரில் பொற்றாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்புக் கடலையோடு குடித்தால் குறை தீரும்.

தேநீர் உடலை வற்றச் செய்யும் என்ற அச்சத்தை நான் ஏற்பதில்லை. வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு இரண்டு மூன்று கோப்பைத் தேநீர் ஏறத்தாழத் தண்ணீரைப் போலவே பயன்படுகிறது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது என் அப்பாயி போத்தலில் கொண்டுபோனது சாயத்தண்ணிதான். வியர்வையில் போன உப்பை ரொட்டியும் சம்பலும் ஈடுசெய்திருக்க வேண்டும்.

அளவுக்கு மிஞ்சிக் குடிப்பது வெறும் தொல்லையோடு நிற்பதுமில்லை. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் குருதி பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது பெரிதும் காணப்பட்டது.

ஆகவே அண்மையில் இரண்டு மணிநேரம் ஓடி, முன்னும் பின்னும் எடை பார்த்தேன். அரை லீற்றர் குடித்தும் 1.2 கிலோகிராம் குறைந்திருந்தது. அதாவது வியர்வை ஏறத்தாழ 1.7 லீற்றர். மலையேற்றத்தில் இந்த அளவு மாறக்கூடும் என்றாலும், அடுத்த முறை ஒரு லீற்றர் ஜீவனியும் ஒரு லீற்றர் தண்ணீரும் மட்டுமே கொண்டுபோவேன். மிகுதிக்கு வழிக்கடைகளின் பிளேன்டீ இருக்கிறது.