கொல்லிமலை: இரண்டு நாள், நாலாயிரம் ரூபாய், ஒரு வேன்காரர்

நேற்று ராத்திரிதான் வீடு திரும்பினோம். கெண்டைக்கால் இரண்டும் இன்னும் கல்லாகத்தான் இருக்கின்றன. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று அலுவலகத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த வேன்காரர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நானும் அம்மாவும் செம்மேட்டில் இறங்கினோம். மலைக்கு அதுதான் தலைநகரம் மாதிரி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு இன்னும் உள்ளே போக வேண்டும். பஸ் எப்போது என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து, "இன்னைக்கு கோயில் பஸ் வராது தம்பி, மேகம் இறங்கிருச்சு" என்றார். அவருடைய வேனில் கோயில், அருவி, எட்டுக்கை அம்மன் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. நாலாயிரம் ரூபாயோடு கிளம்பியவனுக்கு அது பெரிய தொகை. அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, குளிரில் நிற்க வைக்க முடியாது. சரி என்று ஏறிவிட்டோம். பாதி வழி கூடப் போகவில்லை, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து எங்களைத் தாண்டிப் போனது கோயில் பஸ். முக்கால்வாசி இருக்கை காலி.

"வராதுன்னு சொன்னீங்களேண்ணா?" என்று கேட்டேன். பதிலே இல்லை. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். சாயங்காலம் எட்டுக்கை அம்மன் கோயில் பாதை சேறாக இருக்கிறது என்று இன்னொரு முந்நூறும் வாங்கிக்கொண்டார். அதனால் சொல்கிறேன்: பஸ் வராது என்று யார் சொன்னாலும் இன்னொரு டீ குடித்துவிட்டுக் காத்திருங்கள். கண்டக்டரையோ கடைக்காரரையோ கேளுங்கள், வண்டி வைத்திருப்பவரைக் கேட்காதீர்கள்.

இப்போது பஸ். ஈரோட்டிலிருந்து முதல் வண்டியில் நாமக்கல், அங்கிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை. மலை பஸ்ஸில் காரவள்ளி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அடிவாரத்தில் ஒரு குடும்பம் இறங்கிய பிறகுதான் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த ஜன்னலின் ஷட்டரோ பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இருபதாவது வளைவிலேயே முன்னால் இருந்த பெண் குழந்தை வாந்தியெடுக்க ஆரம்பித்தது. என் அம்மா தன் மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்து பாரு கண்ணு, கீழ பாக்காத" என்று கொடுத்தார். நாற்பதைத் தாண்டியதும் அந்த மூடாத ஜன்னல் வழியாக மூடுபனி பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. முன் சீட்டுக் கம்பியில் பொடிப்பொடியாக நீர் கோத்து நின்றது. பஸ்ஸின் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே போய்விட்டது.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரை மேல் இருக்கிற சிலையைப் பனிக்குள் பார்த்தேன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்தவன் என்று புலவர்கள் பாடிய வள்ளல் இந்த மலையை ஆண்டவன். ஆடிப்பெருக்கை ஒட்டி இங்கே அவனுக்கு அரசு விழா நடக்கிறது. மற்ற நாட்களில் அவனை யாரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை. செல்பி எடுப்பவர்கள் எல்லாம் வியூ பாயிண்ட்டுக்கு ஓடுகிறார்கள். மார்கழியில் வியூ பாயிண்ட்டில் தெரிவது வெள்ளை, வெறும் வெள்ளை. அதற்கு வண்டி வைத்துப் போவது காசைக் கரியாக்கும் வேலை.

அறப்பளீஸ்வரர் கோயில் பழையது. தேவாரத்தில் அறைப்பள்ளி என்று பெயர் வருகிற வைப்புத் தலம், அதாவது தனிப் பதிகம் இல்லாமல் பெயர் மட்டும் வருகிற தலம். பிரகாரத்தில் ஈரக் கல்லில் வெறுங்காலை வைத்ததும் குளிர் உச்சந்தலைக்கு ஏறுகிறது. ஏர் உழும்போது கலப்பை பட்டு ரத்தம் கசிந்து வெளிப்பட்ட லிங்கம் என்பது தல வரலாறு. குருக்கள் தீபத்தை அருகே கொண்டுபோய் உச்சியில் இருக்கிற தழும்பைக் காட்டினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலை ஒட்டி ஓடுவது ஐயாறு. அறுத்துக் குழம்பில் போட்ட மீன்கள் மறுபடி உடல் பொருந்தி இந்த ஆற்றுக்குள் துள்ளிக் குதித்தன என்று ஒரு கதை உண்டு. அந்த நினைவில்தான் இங்கே மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். நாங்களும் போட்டோம்.

அந்த ஐயாறுதான் கொஞ்ச தூரம் தள்ளி ஆகாய கங்கையாக விழுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், செங்குத்தான இறக்கம். மூட்டு வலி உள்ளவர்கள் தயவுசெய்து முயற்சி செய்ய வேண்டாம். அம்மா கோயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். வேன்காரர் எனக்கு ஒரு மணி நேரம்தான் என்றபோது அம்மா சொன்னது: "எம் பையன் மேல வர்ற வரைக்கும் வண்டி நிக்கோணும். சொளையா ஆயிரத்தைந்நூறு வாங்கறீங்கல்ல?" அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

பாதிப் படியிலேயே அருவியின் சத்தம் நெஞ்சில் அதிர ஆரம்பித்துவிடும். ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கடைசித் திருப்பத்தில் பனி ஒரு நிமிஷம் விலகியது. மேலே பாறை, அதன் உச்சி எங்கே என்றே தெரியவில்லை, தண்ணீர் வானத்திலிருந்து நேராக இறங்குவது போலத்தான் இருந்தது. பெயர் வைத்தவனைக் கும்பிட வேண்டும். பக்கத்தில் போகவே முடியவில்லை, சாரல் ஊசியாகக் குத்துகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனதால் இவ்வளவு தண்ணீர். இதே தண்ணீர் கீழே திருச்சி மாவட்டப் பக்கம் புளியஞ்சோலையாக ஓடுகிறது. இவ்வளவு அழகான இடத்தில் பாறை இடுக்கெல்லாம் ஷாம்பு பாக்கெட்டும் உடைந்த பாட்டிலும். ஒரு பையன் காலைக் கிழித்துக்கொண்டு ரத்தத்தோடு நின்றான். குடித்துவிட்டுப் பாட்டிலை உடைக்கிறவர்கள் மலைக்கே வரக் கூடாது, அவ்வளவுதான்.

ஏறி வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப். இதற்காகவே நான் மறுபடி போவேன். கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் பொசுபொசுவென்று ரோமம், வளைந்த வடிவம், ஆட்டுக்காலேதான். பாறையில் ஒட்டி வளர்கிற பெரணிச் செடியின் கிழங்கு இது. கடைக்கார அக்கா கத்தியால் ரோமத்தைச் சுரண்டினார், உள்ளே வெளிர்பச்சை. தட்டிப் போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் இடித்துக் கொதிக்க விட்டிருந்தார். சைவம் மட்டும் சாப்பிடுகிற அம்மா முதலில் முகர்ந்து பார்த்துச் சந்தேகப்பட்டார். "கெழங்குதானுங்கம்மா, குடிங்க, முட்டி வலிக்கு நல்லது" என்றார் அந்த அக்கா. அம்மா இரண்டு டம்ளர் குடித்தார். இந்த மலை மிளகின் காரம் தொண்டையில் நின்று மெதுவாக இறங்குகிறது, நாங்கள் ஈரோட்டில் வாங்குகிற மிளகுக்கு அந்த வாசனையே கிடையாது.

எட்டுக்கை அம்மன் கோயிலில் பனி இன்னும் கெட்டி. சங்கப் பாடல்களில் இந்த மலையின் தெய்வப் பாவையாக வருகிற கொல்லிப்பாவை இவள்தான் என்று நம்புகிறவர்கள் உண்டு. நாங்கள் போனபோது வேறு யாருமே இல்லை. விளக்கும், மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தமும்தான். அம்மாவின் வேண்டுதல் அது, என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

தங்கியது செம்மேட்டில், ஆயிரம் ரூபாய் அறை. வெந்நீர் வரவில்லை, போர்வை ஈரம். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை காசே செலவில்லாமல் கிடைத்ததுதான் பயணத்தின் நல்ல பகுதி. ஊருக்கு வெளியே கால் போன பக்கம் நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி, நடுவில் பலா. வீட்டு வாசல்களில் காபிப் பழத்தைக் காயப் போட்டிருந்தார்கள், சிவப்பு பாதி, கறுத்தது பாதி, லேசாகப் புளித்த வாசனை. இங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆளும் தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று இன்னும் நாடு நாடாகத்தான் ஊர்களைச் சொல்கிறார்கள். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"முன்ன எல்லாக் காட்டுலயும் சாமைதான் ஆயா போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சாமை, ராயி, தெனை எல்லாந்தான் சாமி. இப்ப குச்சிக்கெழங்குதான். லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போவுது, காசு வருது. சாமையை யாரு குத்தறது?"

குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சாமையை உமி நீக்குவது உடலை முறிக்கிற வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியம் மீள்வதற்காக ஊர்களுக்கே அரவை இயந்திரம் கொண்டுவந்து பல வருடம் வேலை செய்திருக்கிறது. அப்படியும் நான் நடந்த வழியில் கண்ணுக்கு எட்டிய சரிவெல்லாம் மரவள்ளிதான். நகரத்துக் கடையில் சாமையை அழகான பாக்கெட்டில் விலை பார்க்காமல் வாங்குகிறோம், அதில் இந்தப் பாட்டிக்கு என்ன வருகிறது என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவரிடமே ஒரு படி கேட்டோம். "வூட்டுக்கே பத்தாது" என்று சிரித்துவிட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு மலை வாழைப்பழம் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும்போது சோளக்காடு என்கிற ஊரில் அன்னாசி வாங்கினோம். வெட்டி, உப்பு மிளகாய்த்தூள் தூவித் தருகிறார்கள், நின்ற இடத்திலேயே ஒரு முழுப் பழம் காலி. கணக்கு: நாலாயிரத்தில் வேனுக்கு ஆயிரத்து எண்ணூறு, அறை ஆயிரம், நாலு பஸ்ஸும் இரண்டு பேருக்குச் சேர்த்து ஐந்நூறுக்குள், மிச்சம் சாப்பாடும் வாங்கிய சாமானும். வேனை விட்டிருந்தால் அம்மா கேட்ட ஒரு கிலோ மிளகை வாங்கியிருக்கலாம், கால் கிலோதான் முடிந்தது. முடவாட்டுக்கால் மட்டும் இரண்டு வாங்கினோம். ஒன்றை இன்று காலை அம்மா சுரண்டித் தட்டி அடுப்பில் வைத்திருக்கிறார். வீடு முழுக்க மிளகு வாசனை.