ஜூன் மாதக் கணக்கு

ஜூன் 1, 2025, ஞாயிறு. திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

மே மாதத்தில் எங்கள் இருவர் சம்பளமுமாக 52,000 ரூபாய் வந்தது. மாத முடிவில் இரண்டு வங்கிக் கணக்குகளிலும் சேர்த்து 2,400 ரூபாய்தான் இருந்தது. வாடகை, நகைக்கடன் வட்டி, மளிகை, பள்ளிச் செலவு என்று பெரிய தொகைகளை எண்ணிப் பார்த்த பிறகும் கணக்கு இடித்ததால், குறுஞ்செய்திகளைப் படித்துத் தானே செலவைப் பிரிக்கும் செயலி ஒன்றை இன்று கைப்பேசியில் ஏற்றினேன். அது காட்டிய மே மாதச் செலவு 58,400 ரூபாய். திகைத்துப் போய் வரிவரியாகப் பார்த்தபோதுதான், என் கணவர் எனக்கு அனுப்பிய 10,000 ரூபாயையும் அது செலவாக எழுதியிருப்பது தெரிந்தது. அதை நீக்கினால் 48,400.

ஜூன் 5, வியாழன்.

மே மாதத் தொடக்கத்தில் கணக்கில் இருந்த 2,300 ரூபாயையும் சேர்த்தால் உண்மையில் போனது 51,900. அப்படியானால் 3,500 ரூபாயைச் செயலி பார்க்கவே இல்லை. வங்கிக் கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கியதும் விடை கிடைத்தது. எங்கள் வங்கி 100 ரூபாய்க்குக் கீழான யு.பி.ஐ. செலவுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. செய்தி வராதபோது செயலியால் எதைப் படிக்க முடியும்? தேநீர் 12, முல்லைப்பூ 30, கீரை 20, ஷேர் ஆட்டோ 20 என்று மே மாதத்தில் மட்டும் 112 வரிகள் இருந்தன. இவற்றில் ஒன்றையும் வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காசை எண்ணிக் கொடுத்த காலத்தில் பணப்பை இளைப்பது கைக்குத் தெரிந்தது, கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து செலுத்தும்போது அது தெரிவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு.

என் மாமியார், குடும்பம் நடத்திய காலம் முழுவதும் வாரச் செலவுக்கான காசைக் கடுகு டப்பாவில் போட்டுவைத்து, அது தீர்ந்தால் அடுத்த வாரம் வரை சில்லறைச் செலவை நிறுத்திவிடுவார். அந்த டப்பாவை யு.பி.ஐ. லைட்டில் அமைக்கலாம் என்று இன்று தோன்றியது. 2022 செப்டம்பரில் வந்த இந்த வசதியில் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகையைத் தனியே ஏற்றி வைத்துக்கொண்டு, ரகசிய எண் இல்லாமலே சிறு செலவுகளைச் செய்யலாம். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை செலுத்தலாம், அதிகபட்சமாக 5,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். ஏற்றும் தொகை மட்டுமே வங்கிக் கணக்கில் ஒரு வரியாக விழும். உள்ளே நடக்கும் செலவுகளைப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. செயலியின் பதிவில்தான் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 750 ரூபாய் என்று முடிவு செய்தோம். இருப்பு குறைந்ததும் தானாகவே பணம் நிரம்பும் வசதியை மறக்காமல் அணைத்துவிட்டேன். அது இருந்தால் டப்பாவுக்கு அடியே இல்லாமல் போய்விடும். ரகசிய எண் கேட்காது என்பதால் கைப்பேசியின் திரைப்பூட்டையும் வலுப்படுத்தினேன்.

ஜூன் 13, வெள்ளி.

மீதம் 64 ரூபாய். "டப்பாவில் இன்னும் எவ்வளவு இருக்கும்மா?" என்று அத்தை பூ வாங்கும் முன் கேட்டார். மே மாதத்தில் இப்படி ஒரு கேள்வியை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஜூன் 19, வியாழன்.

குறுஞ்செய்தி படிக்கும் செயலி இன்று "உடனடிக் கடன்" தருவதாக அறிவிப்பு அனுப்பியதோடு, தொடர்பு எண்களைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அணுகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதித்திருக்கிறது. ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) வரும் அதே குறுஞ்செய்திப் பெட்டியை இதுவரை அதற்குத் திறந்து வைத்திருந்தேனே என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, கணக்கை அழித்துவிட்டு, அனுமதிகளைத் திரும்பப் பெற்று, செயலியையும் நீக்கினேன். எந்த அனுமதியும் கேட்காத, நாமே கையால் பதிகிற எளிய வரவு செலவுச் செயலிக்கு மாறிவிட்டேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் போதும்.

ஜூன் 22, ஞாயிறு.

61 நாள் மீன்பிடித் தடை கடந்த வாரம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்வருவதால், முதுநகர் துறைமுகத்தில் கூட்டம். சங்கரா ஒரு கிலோ வாங்கினோம். ரொக்கம்தான் கொடுத்தோம். கூடைக்காரம்மாவிடமிருந்து திரும்பும் வழியிலேயே என் கணவர் தொகையைப் பதிந்துவிட்டார்.

ஜூன் 30, திங்கள்.

வங்கிக் கணக்கில் இருப்பும் பதிவும் ஒத்துப்போயின. ரொக்கத்தில் மட்டும் இடைவெளி: ஏ.டி.எம்.மில் எடுத்த 4,000 ரூபாயும் கையில் தீர்ந்துவிட்டது, ஆனால் பதிவில் 3,880தான் இருந்தது. அரை மணி நேரம் மூவரும் யோசித்தோம். பண்ருட்டிப் பலாச்சுளை வண்டி தெருவுக்கு வந்த அன்று 120 ரூபாய் கொடுத்ததை அத்தைதான் நினைவுபடுத்தினார். "பழம்" என்ற தலைப்பில் எழுதி, மாதத்தை மூடினேன்.